சோற்றுக்குப் பின் பாரத்பூர் கடல்

காலை ஆறரைக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து நீல் தீவுக்கு அரசுக் கப்பல் புறப்பட்டது. லம்பா லைனில் உள்ள என் தங்கை வீட்டிலிருந்து ஜெட்டிவரை ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். தங்கை கணவர் காசிம் ஜங்லிகாட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். காய் எடுக்கப் போகிறவர் என்னையும் கூட்டிக்கொண்டார். தீவுக்கு ஷஹீத் தீவு என்று புதுப் பெயர் வைத்தாயிற்று. ஆட்களின் வாயில் இன்னும் நீல்தான்.

கடையநல்லூரில் நான் தையல்காரன். சின்ன வயதில் குளத்தில் நீந்தியதோடு சரி, பிறகு வாழ்க்கை மிஷினோடு போயிற்று. தங்கையைப் பார்க்க இந்தத் தீவுகளுக்கு வந்த நாளாகக் கடலைக் கரையில் நின்றே பார்த்தேன். மறுநாள் எனக்குச் சென்னைக் கப்பல். இன்று இறங்காவிட்டால் இனி இல்லை. நானே தைத்த அரைக்கால்சட்டையும் துண்டும் பையில் இருந்தன.

வாசலில் தங்கை சொல்லியிருந்தாள்: "அண்ணே, சாப்ட்டதும் தண்ணியில எறங்கிராதிய. வயிறு இழுத்துக்கும்."

கப்பலில் பக்கத்தில் ஷாதிபூர் அரசு ஊழியர் ஒருவர், தமிழர். தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன்: சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து நீந்தலாம்? "எங்க வீட்ல ரெண்டு மணி நேரம்பாங்க. ஏன்னு யாரும் சொன்னதில்ல சார்" என்றார்.

எட்டரைக்கு நீல். ஜெட்டித் தூண்களைச் சுற்றி மீன் திரிவது மேலிருந்தே தெரிந்தது. ஒட்டினாற்போல் பாரத்பூர் கடற்கரை. அப்போதே இறங்க ஆசை. சொல்ல வெட்கம். காசிம் பின்னாலேயே நடந்தேன்.

ஒரு கிலோமீட்டரில் வங்காள விவசாயி பிஸ்வாஸ் தாதாவின் வீடு. தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். கத்தரிக்காயும் பாகற்காயும் எடை போட்டு முடிய மதியமாகிவிட்டது. அவர் மனைவி சோறு வைத்தார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்று வளர்ந்தவன் நான், வழித்துச் சாப்பிட்டேன். வெறும் தட்டு என்றால் பசி என்பது அந்த வீட்டுக் கணக்கு. மறுபடி சோறு, மறுபடி மீன். மறுபடி வழித்தேன். நான்காம் முறை காசிம் என் தட்டின் மேல் கையை விரித்தார்.

"பஸ், பௌதி, பஸ்!" போதும் அண்ணி, போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மச்சான், கொஞ்சம் மிச்சம் வைங்க. இல்லன்னா இவங்க நிறுத்த மாட்டாங்க."

கப்பலில் கேட்ட கேள்வியைத் தாதாவிடமும் கேட்கக் காசிமிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவர்கள் குளித்த பிறகுதான் சாப்பிடுவார்களாம். அதனால் அந்தச் சந்தேகமே வந்ததில்லையாம்.

ஒன்றரைக்குக் கடற்கரை. நான்கு மணிக்குத் திரும்பும் கப்பல், நேரம் இருக்கிறது என்று மர நிழலில் உட்கார்ந்தேன். வயிறு கல்லாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பின்வாங்கியது. தூரத்தில் பவளப் பாறைகளின் கறுப்புத் தலைகள் தெரிந்தன. செரிக்கும்வரை உட்கார்ந்தால் கடல் போய்விடும்.

காசிம் உயிர்காப்பாளரைக் கூட்டி வந்தார். சிவப்புத் தொப்பி, கழுத்தில் விசில். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், தாரு பியா?"

குடித்தீரா என்கிறார். பதறிப்போய், "நஹி, நஹி! மச்லி, மச்லி!" என்றேன், குடிக்கவில்லை, மீன்தான் தின்றேன் என்று சொல்ல. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அவர் இந்தியில் சொல்லச் சொல்லக் காசிம் தமிழில் சொன்னார்: "சோறு தின்னதால மூழ்குன ஆளை இவரு பாத்ததே இல்லயாம். குடிச்சிட்டு எறங்குறவன், நீச்சல் தெரியாதவன், தண்ணியில கட்டியிருக்க எல்லைக் கயிறைத் தாண்டிப் போறவன், இவங்களத்தான் இழுத்துப் போட்டிருக்காராம். வயிறு நெறஞ்சிருந்தா வேகமா நீந்தாதீங்க, மூச்சு வாங்கும், தசை பிடிச்சாலும் பிடிக்கும். நெஞ்சளவுல சும்மா மெதங்குங்க. குமட்டுனா வெளிய வந்திருங்க. அப்புறம் இன்னொண்ணு கேக்குறாரு. இவரும் இப்பத்தான் சாப்ட்டாராம். யாராச்சும் கூப்பாடு போட்டா, செரிக்கட்டும்னு உக்காந்திருக்கவா?"

கால்சட்டையை மாற்றினேன்.

"வயித்துல நாலு மீன் இருக்கு மச்சான், அதுங்களே நீந்திக்கும்!" காசிம் கத்தினார்.

வெதுவெதுப்பான தண்ணீர். கயிற்றுக்குள்ளேயே மல்லாந்தேன். இரண்டு முறை மீன் குழம்பு ஏப்பம் வந்தது, வேறொன்றும் இல்லை. காதுக்குள் கடல் முணுமுணுத்தது. தலையைத் திருப்பியபோதெல்லாம் சிவப்புத் தொப்பி என் பக்கமே திரும்பியிருந்தது. தண்ணீர் வடிகிறது, வெளியே வா என்று அரை மணி நேரத்தில் விசில். கரையேறித் திரும்பிப் பார்த்தால், நான் மிதந்த இடத்துக்குப் பக்கத்தில் பாறைத் தலை தெரிந்தது.

திரும்பும் கப்பலில் எங்கள் ஊர்க் குளம் நினைவுக்கு வந்தது. மதியச் சாப்பாடு முடிந்தால் ஊரே படுத்துவிடும். குளக்கரையில் ஒரு பெரிய ஆள்கூட இருக்க மாட்டார். பிள்ளைகளைத் தடுக்க எங்கள் அம்மாக்கள் வயிறு இழுக்கும் என்று சொன்னார்களோ என்னவோ.

லம்பா லைனில் தங்கையிடம் ஒளிக்கவில்லை. மூன்று தட்டுச் சோற்றோடு இறங்கினேன் என்றேன். கரண்டியோடு நின்றாள்.

"அங்க பாத்துக்கிட ஆள் இருந்தாவளா?"

"இருந்தார்."

"அப்பச் சரி" என்று தட்டில் சோற்றைப் போட்டாள். பாதி தின்றதும் தட்டின் மேல் கையை விரித்தேன்.