சாயம் ஏறாத உயிர்

ஐந்தாம் பாரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிச் சேவகர் வாசலில் வந்து நின்று, “சயின்சு வாத்தியார் தவறிப்பூட்டாருங்க” என்றார். சாக்குக்கட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அவர் வீடு இருந்த பிள்ளையார்பாளையத்துக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று, சபாபதியை அறிந்த உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

பட்டுக்குச் சாயம் போடும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஒருமுறை வகுப்புக்குக் கள்ளு கொண்டுவந்தார். பள்ளிக்கூடமே முகம் சுளித்தது. கள்ளின் வண்டலில் கோடி செல்கள் உண்டு, ஒவ்வொன்றும் தனி உயிர் என்று சொல்லி, ஒரு துளியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து வீட்டு நீலச் சாயத்தை விட்டார். சில செல்கள் நீலமாயின. பல வெளுப்பாகவே நின்றன. “நல்லாப் புடிச்சிருக்குது பாருங்க, இதான் உசுருள்ள சரக்கு” என்று நீலத்தைப் புகழ்ந்தார். சாயம் பிடிக்காததெல்லாம் கழிவு என்றே வளர்ந்தவர் அல்லவா! மறுவாரம் எதையோ படித்துவிட்டு அதே வகுப்பில் நின்று சொன்னார்: “போன வாரம் நான் மெச்சினதெல்லாம் பொணம்பா. சாயத்தை உள்ள விடாம நின்னுக்கினு இருந்துதே, அதுதான் உசுரு.”

செல்லின் தோல் வேண்டியதை விடும், வேண்டாததைத் தடுக்கும். உள்ளே ஒரு பொருள் சர்க்கரையை உடைக்க, இன்னொன்று அதை வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும். இதைச் சொல்லும்போது அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. “மொதலாளி யாருன்னு தேடிக்கினே இருக்கறேன்பா, ஒருத்தனையும் காணோம். ஆனா வேலை மட்டும் நிக்கல” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். “ரெண்டு நிமிஷம் உட்காருமய்யா” என்பேன்.

நெஞ்சுவலி கண்ட பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மூச்சு நின்னாலும் உள்ள இருக்கறவனுங்களுக்கு உடனே சேதி போவாது. கொஞ்ச நேரம் வேலை செஞ்சிக்கினுதான் இருப்பானுங்க. அவசரப்பட்டுத் தூக்கிடாதீங்க.” வாயைக் கழுவும் என்று திட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாடை தயார். சாவு விழுந்தால், எடுக்கும்வரை அந்தத் தெருவில் தறி ஓடாது, எல்லோருக்கும் அவசரம். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

“எதுக்கு வாத்தியாரே? இன்னும் யாரு வரணும்?” என்றார் சபாபதியின் அண்ணன்.

“உள்ள வேலை இன்னும் நிக்கலைங்க” என்றேன். பைத்தியம் என்று நினைப்பாரோ என்று பயமாக இருந்தது.

அவர் என்னையே பார்த்தார். “உங்ககிட்டயும் சொன்னானா?” என்று பாடையருகே உட்கார்ந்துவிட்டார். தெரு காத்திருந்தது. நான் சபாபதியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் நீலம் இருந்தது.

சபாபதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய இருப்புக்கொள்ளாமைதான். நேற்று என் மனைவி, “ரெண்டு நிமிஷம் உட்காருங்களேன்” என்றாள். முடியவில்லை.