பிள்ளையாரின் பூசணியும் என் விரலும்

ஊரில் சண்டை முடிந்த வருடம் அது. வைகாசியில் முடிந்தது. ஐப்பசியில் என் பெறாமகள் என்னைப் பூசணித் தோட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். பெறாமகள் என்றால் என் தங்கையின் மகள். நான் அவளோடுதான் டென்மார்க்கில் இருக்கிறேன். பூசணியையும் ஒரு மனுசர் உடுத்திக்கொண்டு போய்ப் பார்ப்பதா என்று கேட்டேன்.

"பிள்ளைக்குப் பள்ளிக்கூட லீவு பெரியம்மா. இஞ்சை எல்லாரும் போறவை. கதையை விட்டிட்டுக் கோட்டைப் போடுங்கோ."

ஹோர்சன்ஸ் பட்டினத்துக்கு வெளியே ஒரு கமக்காரனின் காணி. குளிரில் கொடி கருகிப்போய், காய்கள் மட்டும் கால் வைக்க இடமில்லாமல் செம்மஞ்சளாகக் கிடந்தன. தாய் தகப்பன்மார் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வரம்பெல்லாம் திரிந்தார்கள். சரி, கறிக்கு வாங்குகிறார்கள் என்று நினைத்தேன். இல்லையாம். உள்ளே இருப்பதைத் தோண்டி எறிந்துவிட்டு, தோலில் கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே ஒரு விளக்கையும் கொளுத்தி வாசலில் வைப்பார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. என் தம்பி அந்த நேரம் ஊரில், முள்ளுக்கம்பி முகாமுக்குள்ளே, ஒரு கோப்பை கஞ்சிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

பெறாமகளின் மகளுக்கு ஆறு வயது. அவள் வண்டியிலிருந்து குதித்தாள். கண்ணில் பட்ட காய்க்கெல்லாம் சுட்டுவிரலை நீட்டி நீட்டி, அது வேண்டும், இது வேண்டும் என்று டேனிஷில் கத்தினாள்.

"மடக்கடி விரலை! காய் அழுகப் போகுது!"

நான் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்றும் விரலை மடக்கியது.

"பெரியம்மா, சனம் பாக்குது" என்றாள் பெறாமகள்.

பார்க்கட்டுமே. கொடியில் கிடக்கிற பூசணியைச் சுட்டுவிரலால் காட்டக்கூடாது, காட்டினால் அழுகிவிடும். எங்கள் பக்கத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். காட்டத்தான் வேண்டுமென்றால் விரலை மடக்கி, மொழியால், அந்த மூட்டால், காட்ட வேண்டும்.

"வோஃபோர்?" என்றாள் சின்னவள். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் ஏன் என்று ஒரு கேள்வி. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த விரலால் நான் பட்ட பாட்டைச் சொல்லத் தெரியும். அங்கேயே, வரம்பில் நின்றபடி, சொன்னேன்.

அதுவும் ஒரு சண்டை முடிந்த வருடம்தான். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை. எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும். ஐயா, என் தகப்பன், திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர், வீட்டுப் பக்கம் வரவேயில்லை. அரிசி கூப்பனுக்குத்தான், அதுவும் காணாது. தங்கை அப்போது பிறக்கவில்லை. தம்பி கைக்குழந்தை; காய்ச்சலில் கிடந்து எழும்பி, எலும்பும் தோலுமாக இருந்தான். கிணற்றடியில் அம்மா போட்ட கொடியில் முதல் காய் பிடித்தபோது, ஐயா சுகமாகத் திரும்பி வந்தால் இது பிள்ளையாருக்கு என்று அம்மா நேர்ந்துவிட்டாள். நேர்ந்த காயில் வீட்டார் கை வைக்கக்கூடாது. பக்கத்து வளவில் இருந்த மாமி, ஐயாவின் தமக்கை, அதற்குக் காவல். விடிந்தால் வேலிக்கு மேலால் எட்டிக் காயைப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவாள்.

நானும் பார்த்தேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். அது பிள்ளையாருக்குத் தெரியும்.

ஒரு நாள் விடிய, காயைக் காணவில்லை. காம்பு மட்டும் கொடியில் நின்றது. மாமி வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்கையடி பிள்ளையாற்றை பூசினி?"

அம்மா தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அழுகிப் போச்சு மச்சாள். வெட்டிக் குழியிலை தாட்டுப்போட்டன். இவள்தான் சுட்டிக் காட்டினவள்."

இவள் என்றது என்னை.

"நான் காட்டேல்லை!"

"செய்யிறதையும் செய்துபோட்டுப் பொய் வேறையோ?" என்று மாமி என் கையைப் பிடித்து இழுத்து, அகப்பைக் காம்பால் சுட்டுவிரல் மொழியில் போட்டாள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியின் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் நின்று, "அழுகல் விரலி வாறாள், காயை மூடுங்கோ!" என்று பாடினார்கள். கலியாணம் கட்டிப் போகும்வரைக்கும் எனக்கு அதுதான் பெயர். ஒருவரும் கத்தரித் தோட்டத்துக்குள்கூட என்னை விட்டதில்லை. ஐயா கொஞ்ச நாளில் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தார். பிள்ளையாரும் கோவிக்கவில்லை. கெட்டது என் விரல் மட்டும்தான்.

சின்னவள் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, "அழுகினதை நீங்கள் பாத்தனீங்களா?" என்றாள்.

"இல்லை. அம்மா தாட்டவ."

"பாக்காட்டி எப்பிடித் தெரியும்?"

என் அம்மாவைப் பொய்காரி என்கிறாள், ஆறு வயதில்! வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு கதைக்கவில்லை.

வீட்டில் காயைக் குடைந்தார்கள். தோண்டியதை எல்லாம் குப்பைப் பைக்குள் தள்ளப் போன பெறாமகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியம்மா, இது சாப்பிடுற வகை இல்லை."

"பூசினியிலை சாப்பிடாத வகையும் இருக்கோ? தள்ளு அங்காலை."

நாங்கள் பூசணியைக் கறியாகத்தான் வைப்போம். அன்று தம்பியின் நினைவாக இருந்தது, கஞ்சியாகவே காய்ச்சினேன். ஒரு பிடி அரிசி, உப்பு, பூசணி கரையும்வரை அகப்பையால் மசித்தது, அவ்வளவுதான். பூசணிக் கஞ்சி நான் குடிப்பது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன். தண்ணீர்க் காய்தான், இனிப்பு மட்டுமட்டுத்தான். ஆனால் அந்த ருசியை எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் வைத்தேன். நன்றாகத் தெரியும்.

அம்மா செத்து எத்தனையோ வருடம். இருந்திருந்தால் கேட்டிருப்பேன். தம்பிக்காக எடுத்தது சரி, பிள்ளையாரே பறித்துக் கொடுத்திருப்பார். ஆடு தின்றது என்று சொல்லியிருக்கக் கூடாதா? மாமியின் ஆடுதான் எந்த வேலிக்குள்ளும் நுழைகிற ஆடு. அதன்மேல் பழி போட அம்மாவுக்குத் துணிவில்லை. என்மேல் போட இருந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அடி வாங்கிய அன்று பொழுதுபட்ட பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மண்ணெண்ணெய் இல்லை, விளக்கு வேண்டாம் என்றாள். அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான். தம்பி அவள் மடியில் கிடந்து சப்புக்கொட்டிக் குடித்தான். எனக்குப் பனையோலைப் பிளாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அம்மாவே வாயில் வைத்துப் பருக்கினாள். கஞ்சி இனித்தது. என்ன போட்டது என்று கேட்டேன்.

"வத்தாளங்கிழங்கு. பேசாமல் குடி."

சர்க்கரைவள்ளி இனிக்கும்தானே என்று நம்பினேன். எனக்கு அவளோடு கோபம்தான், ஆனால் பசி அதைவிடப் பெரிது. அந்த வீங்கின விரலை நீட்டி, இருட்டில் பானையைச் சுட்டிக் காட்டி, இன்னும் வேண்டும் என்றேன்.