சுடுநீர்த் தடாகத்தை மூடிய குளிர்காலம்

ஒஸ்லோவை ஒட்டிய ஒரு சிறு நகரத்தின் சபையில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தேன். பகலில் முதியோர் இல்லத்தில் தாதி வேலை, மாலையில் கூட்டம். மின்சார விலை கண்டபடி ஏறிய ஒரு குளிர்காலத்தில், நகரத்துக்கு மொத்தமாக மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. புதிய விலை பேசும் குழுவில் என்னையும் போட்டார்கள்.

விற்க வந்தவர்கள் மரியாதையானவர்கள். சந்தை விலையில் வாங்கினால் நாளைக்கு என்ன ஆகுமென்று எவருக்கும் தெரியாது, சில வருடங்களுக்கு ஒரே விலை என்றால் நிம்மதி என்றார்கள். அந்த நிம்மதிக்கு முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள். குறைக்கச் சொன்னோம். வெளியே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்து சொற்பம் குறைத்தார்கள். மறுபடி கேட்டபோது, இந்த விலைகூட வெள்ளிக்கிழமை வரைதான் என்றார்கள். வேறோரிடத்தில் விசாரித்தோம். அங்கே விலை இன்னும் கூட. விலை மேலும் ஏறும் என்றே பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. ஒப்பமிட்டோம்.

கூடிய செலவு பாடசாலைகளின் வரவுசெலவுப் பாதீட்டில் விழுந்தது. ஒரு பாடசாலையின் நிலவறையில் சிறிய சுடுநீர்த் தடாகம் ஒன்று இருந்தது. நடக்க இயலாத பிள்ளைகள் பயிற்சி செய்யும் இடம். வருடம் முழுவதும் தண்ணீரைச் சூடாக வைத்திருக்க வேண்டும். முதல் வெட்டு அதற்குத்தான் என்று ஆயிற்று.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று இருந்தது. தாய் கணினி நிறுவனத்தில் வேலை. மகள் சக்கர நாற்காலியில். உடுப்புத் தோய்க்கும் அறையில் அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.

"தண்ணிக்குள்ள மட்டும்தாங்க்கா அவ தானா நிக்கிறா. அதை மூடிட்டா எங்க கூட்டிட்டுப் போறது? நீங்க சொன்னாக் கேப்பாங்களா?"

"கதைச்சுப் பாக்கிறன். ஆனா நம்பியிருக்காதேங்கோ" என்றேன்.

சபையில் தடாகத்தை விட்டுவிடும்படி பிரேரணை கொண்டுவந்தேன். அப்படியானால் பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று தலைவர் கேட்டார். நகர மண்டபத்தின் திருத்த வேலையைச் சொன்னேன். அது ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. மிஞ்சியிருந்தது வகுப்பறை உதவியாளர்களின் சம்பளம். அந்த உதவியாளர்கள் பார்ப்பதும் இதே பிள்ளைகளைத்தான். வாக்கெடுப்பில் என்னுடன் மூன்று கைகள்தான் உயர்ந்தன. என் கட்சிக்காரி, பக்கத்தில் இருந்தவள், மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கீழே போய்க் கதவைத் தட்டினேன். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தை இணையத்தில் நேரலையாகப் பார்த்திருக்கிறார். பாதி நோர்வேஜியன் விளங்கவில்லையாம்.

"நீங்க கை தூக்குனதப் பாத்தேன்" என்றார். "பக்கத்துல இருந்தவங்க தூக்கல."

தேநீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள்.

அடுத்த கோடையில் மின்சார விலை விழுந்தது. எங்கள் ஒப்பந்தம் மட்டும் பழைய விலையில் நின்றது. மறுபடி பேச வேண்டுமென்று விற்றவர்களைக் கூப்பிட்டோம். அவர்கள் வந்தார்கள், கோப்பி குடித்தார்கள். தங்களும் அந்த விலைக்குத்தான் முன்கூட்டி வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஒப்பந்தம் முடிகிற காலத்தில், காய்ந்து கிடந்த தடாகத்தின் ஓடுகள் வெடித்துக் குழாய்களும் பழுதாகியிருந்தன. திருத்தும் செலவு, அத்தனை வருடமும் சூடாக்கியிருக்கக்கூடிய செலவைவிட அதிகம் என்று நகர அலுவலர்கள் சொன்னார்கள். இப்போது அங்கே பழைய கதிரை மேசைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை. என்னை நிற்கும்படி ஒருவரும் கேட்கவுமில்லை.

போன மாதம் வாகனத் தரிப்பிடத்தில் அந்தத் தாயையும் மகளையும் கண்டேன். மகள் வளர்ந்துவிட்டாள். இடுப்பில் ஒரு சத்திரசிகிச்சை முடிந்து, இன்னொன்றுக்குக் காத்திருக்கிறாள். காருக்குள் ஏற்றுவதற்குத் தாயால் தனியே முடியவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன். கால்கள் மடங்கவில்லை.

"மெதுவாங்க்கா" என்றார் தாய்.