விருந்து வைத்தவன் பட்டினி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், கடல் கடந்து வந்த புதிதில், நான் செவன் ஹில்ஸ், அதாவது ஏழு குன்றுகள் என்ற பெயருள்ள ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பண்டைய வரலாறு படிப்பித்தேன். ரோமாபுரியும் ஏழு குன்றுகளில் எழுந்த நகர்தான். இந்தப் பொருத்தத்தை நான் சொல்லாத வகுப்பும் இல்லை, அதற்குச் சிரித்த பிள்ளையும் இல்லை. வேலை தற்காலிகம். அதை நிரந்தரமாக்குவது பள்ளிக்கூட அதிபர் டொனால்ட்சன் கையில் இருந்தது. நேர்முகத் தேர்வில் அவர், "எங்களோடு ஒத்துப் போவீரா?" என்று கேட்டதற்கு, "எதையும் சாப்பிடுவேன், சேர்" என்று சொன்ன புத்திசாலி நான்.

அந்த வீறாப்பு போதாதென்று, வருட முடிவில் ரோம விருந்து வைக்கப்போவதாகவும் அறிவித்தேன். உடற்பயிற்சி மெத்தைகளில் இடது முழங்கையை ஊன்றிச் சரிந்துகொண்டு கையால் சாப்பிட வேண்டும். அதிபரும் வருவதாகச் சொன்னார். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து, பெற்றோருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, பெருமையோடு மனைவி யோகாவிடம் சொன்னேன்.

"ஐயோ, அது கந்தசஷ்டியப்பா! என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கக் கூடாதே?"

"பஞ்சாங்கம் இன்னும் கப்பல்ல வருகுது. எனக்கென்னண்டு தெரியும்?"

"உங்கட வேலை நிரந்தரமாக வேணுமெண்டுதான், ரெண்டு பேரும் விரதம் பிடிக்கிறதெண்டு நேர்த்தி வைச்சனான். பூசை முடிய நான் தாற பாலும் பழமும்தான். வெளியில ஒண்டும் வாயில வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

வேலைக்காக விரதம், அதே வேலைக்காக விருந்து. நான் பயந்தது முருகனுக்கா யோகாவுக்கா என்று யாரும் கேட்க வேண்டாம்.

அன்று பிள்ளைகள் கட்டில் விரிப்புகளை ரோமர்போல உடம்பில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். நான் என் கலியாண வேட்டியைத் தோளில் போட்டிருந்தேன். பொரித்த கோழி வாசம் மண்டபம் முழுக்க. வெறும் வயிறு உறுமியது. மெத்தையில் சரிந்திருந்த அதிபர் ஒரு கோழிக்காலை என்னிடம் நீட்டினார்.

"விருந்து உம்முடையது, நாதன். முதல் கடியும் உம்முடையதுதான்."

எல்லாக் கண்களும் என் வாயில்.

"சேர்," என்றேன், "இன்றைக்கு சட்டர்னேலியா. அந்த ரோமத் திருநாளில் எசமான் உட்கார்ந்து சாப்பிட மாட்டான். வேலைக்காரருக்குப் பரிமாறுவான்."

"அது டிசம்பர் மாதம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள் என் மாணவி ஷெரில். ஒரு வருடம் முழுக்க நான் சொன்ன எதையும் காதில் வாங்காத பெண்!

அவளுக்கு இரண்டு கோழித்துண்டுகளைப் போட்டு வாயை அடைத்தேன். பிறகு நின்றபடியே எல்லோருக்கும் பரிமாறினேன். தட்டுகள் என் மூக்குக்குக் கீழால் போய் வந்தன. பாவி வயிறு என்னைத் திட்டித் தீர்த்தது.

அடுத்த கிழமை அதிபர் கூப்பிட்டார். "பிள்ளைகளுக்கு நின்று பரிமாறிய ஆசிரியரை நான் இதுவரை கண்டதில்லை. உம்முடைய வேலை இனி நிரந்தரம். விருந்தும் வருடாவருடம் இப்படியே நடக்கட்டும்."

நான் ஓய்வு பெறும்வரை அது அப்படியே நடந்தது. சஷ்டி முடிந்த பிறகு விருந்து வந்த வருடங்களில்கூட, ஒரு துண்டுக்குக் கை நீட்டினால் போதும், "எசமான் சாப்பிடக் கூடாது!" என்று மண்டபமே கத்தும். கோழியைப் பார்த்துப் பார்த்தே எனக்கு நரை விழுந்தது.

ஒருநாள் மனம் பொறுக்காமல் யோகாவிடம் முறையிட்டேன்.

"முருகனிட்ட நான் வேலை மட்டும்தான் கேட்டனான்," என்றாள் அவள். "கோழியும் வேணுமெண்டு நீங்கள் சொல்லேல்லையே?"