தாரணியின் கோடுகள்

ஒரு பெண்ணின் எட்டு மாத உழைப்பை நான் திருடினேன். திருடியதோடு நிற்கவில்லை, அவளிடம் இருந்ததை அழித்தேன். அழித்ததோடும் நிற்கவில்லை... குறை அவளுடைய காதில்தான் என்று அவளையே நம்பவும் வைத்தேன்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. என் மனைவி கோமதிக்குக்கூடத் தெரியாது. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

நான் டிஜே. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்துக்காரன். ஆவடி முதல் பூந்தமல்லி வரை கல்யாண வரவேற்பு, மஞ்சள் நீராட்டு, குடியிருப்பு விழா என்று எதுவானாலும் ஸ்பீக்கரோடு போய் இறங்குவேன். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டை உள்ளே இழுத்து, இரண்டின் தாள அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பொருத்த வேண்டும். அதுதான் எங்கள் தொழிலின் உயிர். அடி பிசகினால் ஆடுகிறவன் கால் நின்றுவிடும். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் கூட்டம் என்று வைத்துக்கொண்டு அதைக் கையால் செய்யப் பழக எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அப்புறம் டிஜே மிஷினில் 'சிங்க்' என்று ஒரு பட்டன் வந்தது. தட்டினால் போதும், மிஷினே பொருத்திவிடும்! நான் அதைத் தொடவே மாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"பட்டன் தட்றவன்லாம் டிஜேன்னா, லிஃப்ட்ல போறவன்லாம் மலை ஏறுனவனா மாமே?" என்பேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு வயிறு நிறையும்.

தாரணி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வேப்பம்பட்டில் ஃப்ளாட், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு வரவேற்புக்கு விருந்தாளியாக வந்தவள், சாப்பிடக்கூடப் போகாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று கவனித்தாள். "அண்ணா, நானும் வீட்ல கொஞ்சம் பண்ணுவேன். உங்ககூட வரட்டுமா?" என்று கேட்டாள்.

சரி என்றேன். பந்தி நடக்கும் அரை மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்தேன். யாரும் ஆடாத நேரம் அது. நான் ஒன்றும் வள்ளல் இல்லை!

அவள் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவாதவர்கள்கூட வந்து ஆடினார்கள்...

அவள் சிங்க் பட்டனைத்தான் தட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஓர் அற்ப நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. ஒருநாள் தன் லேப்டாப்பைத் திறந்து அவளே எனக்குக் காட்டினாள்.

மிஷின் ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, அடி விழும் இடத்தில் எல்லாம் ஒரு கோடு போட்டு வைக்கும். சிங்க் தட்டினால் இரண்டு பாட்டின் கோடுகளும் ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் செய்த புதுப் பாட்டுகளுக்கு இது சரி. ஆனால் மனிதர்கள் கூடி உட்கார்ந்து வாசித்த பழைய குத்துப் பாட்டுகளுக்கு ஒத்துவராது. மனிதன் வேகம் கூட்டுவான், குறைப்பான். மிஷினின் கோடு ஒரே சீராகப் போகும்.

"இங்க பாருங்கண்ணா. மேளக்காரர் குஷியில ஓட ஆரம்பிக்கிறாரு. மிஷினுக்கு அது புரியல. அதான் ஒவ்வொரு கோடா நானே நகத்தி வெச்சிருக்கேன்."

நூற்றுக்கணக்கான பாட்டுகள்! வேப்பம்பட்டிலிருந்து அம்பத்தூருக்கு ரயிலில் போகும்போதும் வரும்போதும், எட்டு மாதம், ஒவ்வோர் அடியாகக் கேட்டுக் கேட்டுச் செய்திருந்தாள். அதில் ஒரு பாட்டை நான் எப்போதும் பாதியிலேயே வெட்டிவிடுவேன். நடுவில் தாளம் பிய்த்துக்கொண்டு ஓடும், பிடிக்க முடியாது. கூட்டத்துக்காக வெட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அவள் அதைக் கடைசிவரை பிடித்திருந்தாள்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. இவள் காதால் பிடிக்கப் பயந்து பட்டனிடம் போனவள் இல்லை. என்னைவிட ஆழமாகக் கேட்டுவிட்டுத்தான் பட்டனைத் தட்டுகிறாள். புரிந்ததும் நான் என்ன செய்தேன்? பாராட்டினேனா? இல்லை. வயிறெரிந்தேன்... அப்படி எரிந்தேன்!

"உங்களுக்கும் ஒரு காப்பி போட்டுத் தரட்டுமாண்ணா?" என்றாள். பக்கத்தில் தொழில்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா? எனக்குத்தான் காது கீதே!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பாவம், அவளும் சிரித்தாள்.

பிறகு விழாக்காரர்கள் என்னிடமே அவள் நம்பரைக் கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டிலாவது நிம்மதி உண்டா? ஒருநாள் கோமதி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு போட்டா பாட்டு மாறுறதே தெர்லய்யா. நீ போட்டா ஒரு குலுக்கு குலுக்குது." அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தாரணியின் குடியிருப்பில் பொங்கல் விழா வந்தது. ஸ்பீக்கர் என்னுடையது, ஆட்டம் போட வைப்பது அவள் பொறுப்பு. காலையிலேயே பந்தல் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அவள் கணவரும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க யாரும் நான் பாட்டு போட்டுப் பாத்ததில்லண்ணா. இன்னிக்கு நல்லா வந்துட்டா, வேலையை விட்டுட்டு இதையே பண்றேன்னு வீட்ல சொல்லலாம்னு இருக்கேன்" என்றாள். பிறகு, "புடவை மாத்திட்டு வந்துடறேன். லேப்டாப்பைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

பார்த்துக்கொண்டேன்.

முதலில் அவளுடைய பாட்டுகளையும் கோடுகளையும் என் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொன்ன அதே பொருளை! பிறகு எல்லாப் பாட்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, 'மறுபடி கணக்கிடு' என்பதைத் தட்டினேன். அவள் நகர்த்தி வைத்த கோடுகள் போய் மிஷினின் கோடுகள் வந்துவிடும், பரவாயில்லையா என்று மிஷின் என்னைக் கேட்டது. மிஷினுக்கு இருந்த அந்த யோசனைகூட எனக்கு இல்லை... பரவாயில்லை என்று தட்டினேன்.

அவள் பட்டுப்புடவையில் இறங்கி வந்தாள். முதல் பாட்டுக்குக் கூட்டம் எழுந்தது. இரண்டாவதை உள்ளே விட்டு சிங்க் தட்டினாள். இரண்டு மேளமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தடதடவென்று சரிந்தன. குறுகிய சந்தில் எதிரெதிரே இரண்டு லாரி நுழைந்தது போல இருந்தது. ஆடியவர்கள் நின்றார்கள். யாரோ விசிலடித்தார்கள். அவள் வேறு பாட்டுக்குத் தாவினாள், அதுவும் சரிந்தது. மூன்றாவதும். திரையை நிதானமாகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். ஆனால் அவள் திரையைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்தாள்.

அப்போது நான் போனேன். "தள்ளும்மா, நான் பாத்துக்குறேன்" என்றேன். ஹெட்போனை வாங்கி மாட்டி, என் பாட்டுகளைப் போட்டு, கையாலேயே பொருத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் பொருத்தியதில்லை. கூட்டம் கை தட்டியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது... அந்தக் கைதட்டல் இனித்தது!

முடிந்ததும் அவள் ஓரமாக நின்று, "எங்கண்ணா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. நான் சொன்னது இது: "காதால புடிக்கிற வேலைம்மா இது. கண்ணால கோடு போட்டுக்கினு இருந்தா இப்டித்தான் ஆவும்."

அன்று மாலையே அவளிடமிருந்து செய்தி வந்தது. லேப்டாப்பில் இருந்த பாட்டு, கோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டாளாம். 'நல்லவேளை நீங்க இருந்தீங்கண்ணா' என்று முடித்திருந்தாள். படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற நிம்மதி. அவள் கோடுகள் இனி உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தன.

இப்போது நான் அவற்றை வைத்துத்தான் தொழில் செய்கிறேன். ஆமாம், சிங்க் பட்டனைத் தட்டித்தான்! தட்டினால் பட்டனில் விளக்கு எரியும். பக்கத்தில் நிற்பவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். முன்னைவிட என் கை சுத்தமாகிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கோமதியும் சொல்கிறாள்.

அவளை விழுங்கிய பிறகாவது பொறாமை அடங்கியதா? அதுவும் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் அவள் எங்கே நின்று கேட்டிருக்கிறாள், எந்த அடியில் தயங்கி மறுபடி நகர்த்தியிருக்கிறாள் என்று தெரிகிறது. இது எனக்கு வராது, வரவே வராது என்று ஒவ்வொரு முறையும் தெரிகிறது.

போன மாதம் பூந்தமல்லியில் ஒரு வரவேற்பு. அந்த ஓடுகிற பாட்டைப் போட்டேன். முழுசாக, வெட்டாமல். கூட்டம் கொண்டாடியது. நிமிர்ந்தால், மேஜைக்குப் பக்கத்தில் தாரணி. அலுவலகத் தோழியின் கல்யாணமாம். இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாளாம்.

"நல்லாருக்கீங்களாண்ணா? அந்தப் பாட்டு நடுவுல ஓடுமே... எப்படிண்ணா விடாம பிடிச்சீங்க?"

டேப் ஒட்டிய பட்டன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். "எல்லாம் கைப்பழக்கம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முகத்தில் பொறாமை துளிகூட இல்லை. "அந்த ஒரு எடத்துலயே ஒரு வாரம் உக்காந்திருந்தேன்ணா. பிடிச்சிட்டேன்னுதான் நெனச்சேன். எனக்குக் காது இல்லைன்னு அப்புறம்தானே தெரிஞ்சுது" என்றாள்.

அப்படியெல்லாம் இல்லம்மா என்று ஒரு வார்த்தை... பேச்சுக்காகவாவது சொல்லியிருக்கலாம். அதைக்கூட நான் சொல்லவில்லை.