பொழிச்சலூருக்கு ரயில் விட்ட ஹாஜரா அக்கா

செய்தி வந்தபோது நான் மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். சிட்லபாக்கத்தில் என் வீட்டு மாடியறையில், மாதிரி ரயில் ஓடும் பலகைக்குக் கீழே, வாயில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டு ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் ஹாஜரா அக்காவின் பெயர். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் பாதியில் நின்றிருந்தது. மீதியை முடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்ததும் "தப்பு உங்க மேலதான்க்கா, நான் ஒத்துக்க மாட்டேன்" என்றேன். "அங்கிள், நான் நிலோஃபர் பேசறேன். அம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள் அவருடைய மகள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை பல்லாவரத்தில் அடக்கம். மாதிரி ரயில் நண்பர்களே, உங்களில் பலரை அங்கே பார்த்தேன். இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன், சோகமாக நாலு வரி எழுதலாம் என்று. வரமாட்டேன் என்கிறது. அக்காவை நினைத்தாலே எனக்கு ஒரு குஷி கிளம்பிவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய? அவர் அப்படி.

அவர் வீட்டு மாடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பொழிச்சலூரில், தலைக்கு மேலே விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் தெருவில், மாடியறை முழுக்க ஒரு பலகை. அதன்மேல் விரல் அகலத் தண்டவாளம், கையடக்க ரயில்கள், தீப்பெட்டி அளவு வீடுகள். பிரதான பாதையில் தாம்பரம், பல்லாவரம், கிண்டி எல்லாம் உண்டு. பல்லாவரத்தைத் தாண்டி ஒரு கிளைப்பாதை பிரியும். அது போய் முடியும் ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் அக்காவே எழுதிய பெயர், பொழிச்சலூர். "அக்கா, பொழிச்சலூருக்கு ஏது ரயில்?" என்று முதல் நாளே கேட்டேன். "அவங்க வுடலன்னா நான் வுட்டுட்டுப் போறேன். ஆயுசு முழுக்க ஷேர் ஆட்டோவுல இடிபட்டுப் பல்லாவரம் போயி ட்ரெயின் புடிச்சாச்சு, போதும்" என்றார்.

ரயிலைவிட அவருக்கு உயிர், ரயிலைத் திருப்பிவிடும் இடம். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் அந்த இடத்தைப் பாயிண்ட் என்போம். அங்கே கத்தி மாதிரி இரண்டு மெல்லிய தண்டவாளத் துண்டுகள் அரை நகம் அளவு நகர்ந்தால் ரயில் இந்தப் பக்கம். திரும்ப நகர்ந்தால் அந்தப் பக்கம். அதை நகர்த்தும் கருவி கடையில் கிடைக்கும். அக்கா வாங்கமாட்டார். காலியான பால்பாயிண்ட் பேனாவின் குழலில், எரிந்துபோன ஃபேனிலிருந்து உருவிய செம்புக் கம்பியை இடது பாதியில் ஒரு சுருள், வலது பாதியில் ஒரு சுருளாகச் சுற்றுவார். உள்ளே வழுக்கிக்கொண்டு ஓட ஓர் இரும்பு ஆணி. இடது சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகி ஆணியை இடப்பக்கம் இழுக்கும், வலதுக்குக் கொடுத்தால் வலப்பக்கம். ஆணியோடு கட்டிய சைக்கிள் ஸ்போக் ஒன்று பலகை ஓட்டை வழியாக மேலே வந்து தண்டவாளத்தைத் தள்ளும். டக்! அவ்வளவுதான். வேலை பார்த்த நாளெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயிரக்கணக்கான காந்தச் சுருள்கள் டக் டக்கென்று அடிக்கக் கேட்டவர். ஓய்வு பெற்ற பிறகு காது சும்மா இருக்கவில்லை என்பார்.

எனக்கும் அவருக்கும் சண்டை இந்த 'டக்'கில்தான். என் வீட்டில் நான் வைத்திருப்பது மோட்டார். மெதுவாக நகரும், நிஜ ரயில்பாதையில் நகர்வதைப் போலவே. "உங்க பாயிண்ட் பூனை மாதிரி வருது ரகு சார். வந்துச்சா இல்லையான்னே தெரியல" என்பார். "உங்களுது கதவை அறையற மாதிரி இருக்கு" என்பேன். நான் விடாக்கண்டன் என்றால் அவர் கொடாக்கண்டர். அந்தக் கடைசி ஞாயிறும் அதே சண்டைதான். தாம்பரத்தில் நிஜப் பாயிண்ட் டக்கென்றுதான் விழும் என்றார் அவர். இல்லை, இழுத்து இழுத்துத்தான் நகரும் என்றேன் நான். அடுத்த வாரம் பிளாட்பாரக் கடைசியில் நின்று இருவரும் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. அவர் போனபின் நான் மட்டும் போய் நின்று பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறேன். அதைச் சொல்லி வெறுப்பேற்ற ஆள் இல்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆணிக் கதையைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. ஒரு தடவை வீட்டிலிருந்த சாதா ஆணி தீர்ந்துபோய், கான்கிரீட் சுவரில் அடிக்கும் ஆணியை வெட்டிப் போட்டுவிட்டார். முதலில் ஜோராக வேலை செய்தது. பிறகு பட்டனை அழுத்தினால் அசையவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் ஆணியின் நுனியில் நாலு குண்டூசி தொங்குகிறது! கான்கிரீட் ஆணி கெட்டி எஃகு. சுருளின் காந்தம் அதில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. வீடே அதிரக் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினார். "வேலை முடிஞ்சா ஆணி மறந்துடணும் ரகு சார். இது ஞாபகம் வெச்சுக்கினு கீது. அதான் பேஜார்" என்றார்.

இரண்டு ஆணிகளை அப்படி வெட்டிப் போட்டிருந்தார், இரண்டிலும் காந்தம் ஏறியிருந்தது. ஒன்றை இடுக்கியில் பிடித்துக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டார். பக்கத்து பர்னரில் யூசுப் பாயின் டீ பொங்கி வழிந்துகொண்டிருந்தது; யார் பார்த்தார்கள்? ஆறியதும் குண்டூசிமேல் வைத்தார். ஒன்றுகூட ஒட்டவில்லை. "பாருங்க, எல்லாத்தையும் மறந்துடுச்சு" என்று சிரித்தார். இன்னொன்றைக் காய்ச்சாமல் என் சட்டைப்பையில் போட்டார். "இது உங்களுக்கு. உங்களை மாதிரியே எதையும் வுடாது."

யூசுப் பாய் அவர் கணவர். பாய்க்குக் கை நடுக்கம். விரலிடம் ஒன்று சொன்னால், கேட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, அக்கா வைத்ததுதான். ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் ஆள். அவர்தான் அழுத்தவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. அழுத்தியவர் 'போட்டாச்சு' என்று குரல் கொடுத்த பிறகே ரயில் புறப்படும். ஐந்தாம் பட்டன் பாயுடையது. பொழிச்சலூர் கிளைப்பாதையைத் திறப்பது அதுதான்.

காந்தச் சுருளுக்குக் கண் இமைக்கும் நேரம் மின்சாரம் போனால் போதும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் சுருள் சூடேறிக் கருகிவிடும். அதனால் அக்காவின் பாடம் இரண்டே சொல், "தொடு, விடு." இதற்கு மாற்றுவழி இருக்கிறது. ஒரு கண்டன்சரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் சுருளுக்குக் கொடுப்பது. சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரேயடியாகக் கொட்டுவது மாதிரி. குடம் காலியானபின் விரலை எடுக்காவிட்டாலும் சுருளுக்குப் போவது சொட்டுத்தான், கருகாது. அதை வையுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "முடியாது. விரலுக்குப் பழக்கம் வரணும். அழுத்திக்கினே இருந்தா எதுதான் கருகாது? பட்டனானாலும் சரி, பெத்த புள்ளையானாலும் சரி, ஒரு தடவ சொல்லணும், விட்டுடணும்" என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சேலையூரில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பலகையின் பாதியைக் கழற்றிக் கொண்டுபோனோம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். தாம்பரத்திலிருந்து புறப்பட்ட ரயில் பல்லாவரம் வந்து நின்றது. பாய் ஐந்தை அழுத்தினார். டக். ரயில் பொழிச்சலூர் பக்கம் திரும்பியது. பாயின் விரல் மட்டும் பட்டனைவிட்டுத் திரும்பவில்லை. பலகைக்கு அடியிலிருந்து கருகல் வாசனை, பிறகு புகை. பிள்ளைகள் அது நிலக்கரி எஞ்சின் புகை என்று நினைத்து ஓவென்று கைதட்டினார்கள். ஒரு தாய், "சூப்பரா செட்டப் பண்ணியிருக்கீங்க சார்" என்று பாயிடமே வந்து சொன்னார். பாய் தன் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

அந்த வாரமே அக்கா புதுச் சுருள் சுற்றி மாட்டிவிட்டார். ஆனால் பாய் பட்டன் பக்கம் வரவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து விமானம் பார்ப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா கூப்பிடுவார். "என்னங்க, அஞ்சு உங்களுது. வாங்க, போடுங்க. ஒண்ணும் ஆகாது." "நீயே போடு." அவ்வளவுதான். அக்கா இரண்டாம் தடவை சொன்னதில்லை, தானும் போட்டதில்லை. என்னைத் தொடவிட்டதும் இல்லை. "அவர் பட்டன் அது" என்றுவிடுவார். ஊருக்கு ரயில் விடுகிறேன் என்று ஆரம்பித்த மனுஷி, தன் ஊர் ஸ்டேஷனில் மாதக்கணக்காக ஒரு ரயில்கூட வராமல் விட்டுவைத்தார். எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது.

போன ஞாயிறு பாய் எனக்குப் போன் செய்தார். "ரகு, நிலோஃபர் கூட வந்து இருக்கச் சொல்றா. நான் மட்டும் இங்க இருந்து என்னா பண்றது? பலகையைக் கழட்டிடலாம்பா. உனக்கு வேணுங்கறதை எடுத்துக்கோ." போனேன். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்குக் கை வரவில்லை என்றாலும் படுத்து அடியில் நுழைந்தேன், ஐந்தாம் சுருளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று.

படுத்தவன் அப்படியே கிடந்தேன். எல்லாச் சுருளுக்கும் ஒயர் நேராகப் பட்டனிலிருந்து வருகிறது. ஐந்துக்கு மட்டும் நடுவில் கட்டைவிரல் பருமன் கண்டன்சர் ஒன்று, அதை நிரப்பும் வழியில் சின்னப் பல்பு ஒன்று. நான் கெஞ்சிக் கேட்டபோதெல்லாம் முடியாது என்று சொன்ன அதே ஏற்பாடு! அக்காவின் கைதான், முடிச்சுக்கு முடிச்சு சிவப்பு நூல் கட்டுவது அவர் மட்டும்தான். நூலின்மேல் நல்ல தூசி படிந்திருந்தது. புதுச் சுருள் மாட்டிய அன்றே வைத்திருக்கவேண்டும். பாயிடம் சொல்லியிருந்தால், 'எனக்காகவா மாத்தின?' என்று அவர் கேட்டிருப்பார். ஆமாம் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. அதனால் வாரத்துக்கு ஒரு தடவை 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிட்டு, விட்டுவிட்டிருக்கிறார்.

"பாய், அஞ்சைப் போடுங்க" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

"வேணாம்பா. கருகிடும்."

"கருகாது. அக்கா உங்களுக்குன்னு கண்டன்சர் வெச்சிருக்காங்க. உங்க பட்டனுக்கு மட்டும். எழுந்து வாங்க பாய்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய செருப்புச் சத்தம், மெல்ல, பட்டன் பலகை வரை. டக்! என் மூக்குக்கு நேரே ஆணி பாய்ந்தது. சின்னப் பல்பு எரிய ஆரம்பித்தது. பட்டனில் விரல் இருக்கும்வரை அது எரியும். எரிந்துகொண்டே இருந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். கருகல் வாசனை இல்லை.

"போட்டாச்சு" என்றார் பாய்.

நிலோஃபர் ரயிலை விட்டாள். என் தலைக்கு மேலே பல்லாவரம் தாண்டி, வளைவு ஏறி, அது பொழிச்சலூர் போய் நின்ற சத்தம் கேட்டது. எனக்கு அங்கேயே எழுந்து குதிக்கவேண்டும்போல் இருந்தது. குதித்தால் மண்டை உடையும்.

"விரலை இன்னும் எடுக்கல ரகு. எடுக்கணுமா?"

"வேணாம் பாய். இருக்கட்டும்."

பலகையைக் கழற்றவில்லை. பாய் எங்கும் போவதாகவும் இல்லை. இனி மகள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நீங்களும் வாருங்கள். உங்கள் பட்டன் உங்களுக்காக இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் பாய். புதிதாக எதையும் எடுக்கவில்லை. அந்தக் கான்கிரீட் ஆணி என் மேஜைமேல் இருக்கிறது. இன்று காலை வைத்துப் பார்த்தேன். இன்னும் நாலு குண்டூசி தூக்குகிறது. அடுப்பில் பழுக்கக் காய்ச்சினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். நான் காய்ச்சப் போவதில்லை.