பத்து இலட்சத்து மூன்று

செல்லம் மச்சாள் காலமாகிவிட்டார் என்று மாமா வந்து சொன்னபோது நான் கொடிகாமத்தில் சித்தி வீட்டுக் கிணற்றடியில் வெங்காயம் கழுவிக்கொண்டிருந்தேன். "பிள்ளையை அங்கை விடவேண்டாம், தொத்தும்" என்று சித்தியிடம் சொன்னார். செத்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை.

உடுப்பிட்டியில் அவரோடு படித்த உங்களுக்கு அவர் கணக்கில் கெட்டிக்காரி. எங்களுக்கு அண்ணையின் பெண்சாதி. கலியாணமாகி இரண்டாம் வருடமே சயரோகம் என்று வளவின் பின்பக்கக் கொட்டிலில் தனியே விடப்பட்டார். பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் மறிக்கப்பட்ட நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். வைத்துவிட்டு உடனே திரும்பவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

ஒருநாள் கொட்டிலின் கிடுகுத் தட்டிக்கு அப்பாலிருந்து கேட்டார்: "மச்சாள், பத்து இலட்சத்து மூண்டை ஒண்டும் பிரிக்காது எண்டு நினைக்கிறன். பாப்பமோ?"

"எனக்கு உது தெரியாது மச்சாள்."

"சோறு வடிக்கிற கைக்கு வகுக்கத் தெரியாதோ? உன்ரை தமையன்தான் இந்தப் பக்கம் எட்டியும் பாக்கிறேல்லை. நீயாவது வா."

ஒன்றும் தானும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒன்று அதை வகுத்தால், அதற்குச் சோடியான இன்னொன்று ஆயிரத்துக்குள்ளே இருந்தாக வேண்டும். ஆகவே ஆயிரத்துக்குட்பட்ட பகா எண்கள் போதும்; அவை நூற்று அறுபத்தெட்டு. நூற்றுக்குட்பட்ட இருபத்தைந்தும் எனக்கு, மிச்சமெல்லாம் தனக்கு. "வகுத்தால் பெருக்கிப் பார். பெருக்காமல் என்னட்டை வராதை" என்பார்.

இருமிக்கொண்டே தன் பங்கை முடித்துவிட்டார். ஒன்றுகூட மீதியின்றிப் போகவில்லை. "சாகமுதல் ஒண்டையாவது முழுசாச் செய்துபோட்டுப் போறன்" என்று சிரித்தார். என் பங்குக்காகக் காத்திருந்தார்.

அன்று நான் நாற்பத்துமூன்றில் நின்றேன். சிலேட்டில் மீதி பூச்சியம் வந்தது. அம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பத்திமூண்டு பிரிக்குது மச்சாள்."

"மிச்சமில்லையோ?"

"இல்லை."

"பெருக்கிப் பாத்தனியோ?"

பார்க்கவில்லை. அம்மாவின் குரல் கிட்ட வந்தது.

"ஓம்" என்றேன்.

"அப்ப சரி. விடு மச்சாள்." கிடுகில் சாய்ந்திருந்த அவர் நிழல் விலகிப் போனது. கொட்டிலடியில் நின்றதைக் கண்ட அம்மா மறுநாளே என்னைக் கொடிகாமத்துக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே ஒரு மத்தியானம் பெருக்கிப் பார்த்தேன். ஐந்து கூடியது. கடைசிப் படியில் இருநூற்றைம்பத்துமூன்று என்று எழுதவேண்டியதை இருநூற்றைம்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறேன். உண்மையான மீதி முப்பத்தெட்டு. நாற்பத்தேழிலிருந்து தொண்ணூற்றேழு வரை மற்றவற்றையும் வகுத்தேன், ஒவ்வொன்றையும் பெருக்கினேன். எதுவும் வகுக்கவில்லை.

வீட்டுக்கு ஆள்மூலம் சொல்லியனுப்பியிருக்கலாம். என்ன கணக்கு, ஏன் அங்கே நின்றாய் என்று கேட்பார்களே என்று கூச்சப்பட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் மாமா வந்தார்.

அவரைத் தெரிந்த உங்களுக்குச் சொல்கிறேன். பத்து இலட்சத்து மூன்று பகா எண்தான். மச்சாள் சொன்னது சரி. பிழையும் பொய்யும் என்னுடையவை.

பாய், சிலேட்டு, கொப்பி எல்லாவற்றையும் கொட்டிலோடு எரித்துவிட்டார்களாம். அவருடையதென்று என்னிடம் இருப்பது இந்த ஓர் எண்தான். அவர் அதைத் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்.